இடப்பக்கம் கூவிய துணி

மாயாங் துணியைச் சுருட்டிப் படகின் இடப்பக்கம் சாத்தினாள். உடனே அவள் கணவன் ஙெலாய் இன்ஜினை அணைத்துவிட்டான்.

"கெதுபோங் பறவை இடப்பக்கம் கூவுது. இன்னைக்குக் கிளம்பக் கூடாது."

"துணி எங்கேயாவது கூவுமா?"

"கூவுற மாதிரியே நெய்திருக்கே."

சகுனப் பறவை கெதுபோங்கின் குரலைப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் கம்ப்யூட்டரில் கோடுகளாக்கித் தந்திருந்தார். ஆறு மாதம் நூலைக் கட்டிச் சாயம் தோய்த்து அதை நெய்தவள் அவள். வெறும் கோடு என்றால் உழைப்பு வீண்; அசல் குரல் என்றால் பயணம் வீண். நகரத்து நெசவுக் கண்காட்சியின் நடுவர்களோ பகல் பன்னிரண்டுக்குள் பார்த்து முடித்துவிடுவார்கள். அந்தக் கண்காட்சிச் சுவரில் தன் துணி தொங்க வேண்டும் என்று அவள் தவமாய்த் தவமிருந்தாள்.

துணியை வலப்பக்கம் மாற்றினாள். வலப்பக்கப் படகில் மிளகு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த சங்காவுக்கு அது இடப்பக்கம். மனுஷன் மூட்டையோடு கரையேறிவிட்டான்.

படகின் மூக்கில் வைத்தாள். எதிரே கரை சேர வந்த இரண்டு படகுகள் அப்படியே திரும்பிப் போயின. சாக்குக்குள் திணித்தாள். பறவையின் வாயைக் கட்டுவதா என்று படித்துறையே கொதித்தது.

ஊரே ஒரே கூரையின் கீழ் குடியிருக்கும் நீண்ட வீட்டின் தலைவரைக் கூட்டி வந்தார்கள். காதால் கேட்பதற்குத்தான் முன்னோர் விதி வைத்திருக்கிறார்கள், கண்ணால் கேட்பதற்கு வைக்கவில்லை என்று அவர் நெடுநேரம் தாடையைத் தடவினார். ரேடியோவில் கூவினால் சகுனமா என்ற பழைய வழக்கே இன்னும் தீரவில்லையாம். கூட்டம் இரண்டாகப் பிரிந்து கத்தத் தொடங்கியது. வயலுக்கோ சந்தைக்கோ ஒருவரும் நகரவில்லை.

"நீங்க பேசி முடிங்க. நான் போயிட்டு வரேன்" என்றாள் மாயாங்.

துணியை முதுகில் கட்டிக்கொண்டு, தானே இன்ஜினைக் கிளப்பினாள். வழியெல்லாம் ஊரையும் ஆற்றையும் கட்டிய கணவனையும் திட்டித் தீர்த்தாள். பாறையில் உரசிப் படகு ஒழுகியது. ஒரு கையால் தண்ணீர் இறைத்தபடி நகரத்துக் கரை சேர்ந்து, பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கையில் கண்காட்சிக் கூடத்துக்கு ஓடி வந்தாள்.

கதவில் பூட்டு. பக்கத்தில் உட்கார்ந்து சாகோ மாவுப் பலகாரம் தின்றுகொண்டிருந்த காவல்காரர், அவள் முதுகிலிருந்த துணியைப் பார்த்ததும் ஆளைத் தெரிந்துகொண்டார்.

"நடுவருங்களா? துணியை நெய்த வீட்டிலேயே வெச்சுப் பார்க்கணும்னு விடியற்காலையிலேயே ரோட்டு வழியா உங்க வீட்டுக்குப் போயிட்டாங்களேக்கா. இன்னைக்குக் கிளம்பாதேன்னு உங்ககிட்ட யாருமே சொல்லலையா?"