பொத்தான் இல்லாத நூற்றாண்டு

வாஷிங் மெஷினைத் திறந்ததும் உள்ளேயிருந்து பதினோராம் நூற்றாண்டு வந்தது. அதோடு ஒட்டிக்கொண்டு பிரவீனாவின் கிளினிக் யூனிபார்மும் வந்தது. காலையில் உள்ளே போனபோது அது வெள்ளையாக இருந்தது.

"இது என்ன கலருங்க?" என்றாள் பிரவீனா. குரலில் கோபமே இல்லை. கல்யாணமான நாளிலிருந்து கமலநாதன் பயப்படுவது அந்தக் குரலுக்குத்தான்.

"மஞ்சளும் சுண்ணாம்பும். விழாத் துணிக்குப் போட்ட சோழர் காலத்துச் சாயம். ரசாயனம் துளிகூடக் கிடையாது."

"சோழர் காலத்துல வாஷிங் மெஷின் இருந்துச்சா?"

இது ஆராய்ச்சிக்கு உட்பட்ட கேள்வி இல்லை என்று கமலநாதன் முடிவு செய்தார். ஆரத்தி கரைத்த நிறத்தில் இருந்த யூனிபார்மில் எலுமிச்சம்பழம் பிழிந்தார். சிவப்பு போய் மஞ்சக்காமாலை நிறம் வந்தது. சோப்பு போட்டுக் கசக்கினார். மறுபடி சிவந்தது. இன்னொரு எலுமிச்சம்பழத்தை எடுக்கப் போனவரின் கையைப் பிரவீனா பிடித்துக்கொண்டாள்.

"போதும். ஊறுகாய் போட்டுடப் போறீங்க."

கமலநாதன் ஒரு பிளாஸ்டிக் வாளித் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் சூப்பர்வைசர். மூடி சரியாகப் பொருந்தவில்லை என்று அவர் எழுதி ஒட்டுவார். அந்தக் காகிதத்தோடேயே வாளிகள் லாரியில் ஏறிப் போய்விடும். வீட்டிலும் அவர் பேச்சுக்கு ஏறக்குறைய அதே மரியாதைதான்.

அப்படிப்பட்டவரை ஒருநாள் யாரோ 'சோழர் கடைத்தெரு' என்ற வாட்ஸாப் குழுவில் சேர்த்தார்கள். மலேசியாவில் உலு திராம் ஊர்த் திடலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விழா. அந்தக் கால உடையில் ஆட்கள் நின்று பானை வனைவார்கள், இரும்படிப்பார்கள், தறி நெய்வார்கள். ஜனங்கள் சுற்றிப் பார்க்கலாம். குழுவின் தலைவி ராஜம்மா, ஜொகூர் பாருவில் அழகு நிலையம் நடத்துபவர். சேர்த்த உடனே எழுதியிருந்தார்: "கமலநாதன் அண்ணனுக்கு வணக்கம். உங்கள நம்பித்தான் இறங்கியிருக்கோம்."

கமலநாதனுக்குக் கண் கலங்கிவிட்டது. கோயில் சிற்பங்களின் படங்களுக்குக் கீழே அவர் பேஸ்புக்கில் எழுதிவந்த நீண்ட நீண்ட கருத்துகளை இந்த உலகத்தில் ஒருவராவது படித்திருக்கிறார்!

அன்றே ஆரம்பித்தார். "நீங்கள் தைத்துவைத்திருக்கும் சட்டைகளில் பொத்தான் தெரிகிறது. எந்தச் சிற்பத்திலும் நான் பொத்தானைக் கண்டதில்லை."

சண்டை வரும் என்று எதிர்பார்த்தார். பதில் வந்தது. "நீங்க சொன்னா சரிங்கண்ணே. பிரிச்சிடுறோம்."

அந்த வரியை அவர் பிரவீனாவிடம் காட்டினார். அலுவலகத்தில் காட்டினார். பெட்ரோல் நிலையத்தில் அறிமுகமே இல்லாத ஒருவரிடமும் காட்டினார்.

அதன் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. பொத்தான் போனது. பிறகு தைத்த துணியே போனது. எல்லோரும் சுற்றிக் கட்டும் துணிக்கு வந்தார்கள். பிறகு ஊக்குக்குத் தடை. முதல் ஒத்திகையில், கொல்லர் வேடத்தில் சம்மட்டியை ஓங்கிய விஜயனின் வேட்டி மட்டும் கீழே இறங்கியது.

"அலமாக்!" என்று அலறிவிட்டு ராஜம்மா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஒரே ஒரு ஊக்கு, அண்ணே" என்று கெஞ்சினார் விஜயன். தினமும் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர். கிடைக்கிற ஒரே ஓய்வுநாளை இதற்குக் கொடுத்திருந்தார்.

"ராஜராஜன் படையில யாராவது ஊக்கு குத்தியிருந்தாங்களா?"

"அவுங்க வேட்டி அவுந்துச்சான்னு யாருக்குண்ணே தெரியும்?"

தேங்காய் நார்க் கயிற்றால் இடுப்பைக் கட்டச் சொன்னார் கமலநாதன். கட்டினார்கள். வேட்டி நின்றது, இடுப்பு அரித்தது. அரிப்புக்கு வேப்பெண்ணெய் தடவச் சொன்னார். தடவினார்கள். அரிப்பு நின்றது, எண்ணெயில் கயிறு வழுக்கி வேட்டி மறுபடி இறங்கியது. அத்தனைக்கும் ஒருவர்கூட எதிர்த்துப் பேசவில்லை. ராஜம்மா ஒரு பார்வை பார்ப்பார், எல்லோரும் வாயை மூடிக்கொள்வார்கள்.

அடுத்து மூக்குக்கண்ணாடி. விஜயன் தயங்கித் தயங்கிக் கழற்றினார். ஓங்கிய சம்மட்டி இரும்பை விட்டுவிட்டு அவர் கட்டைவிரலைத் தேடிப்போய் அடித்தது.

"பரவால்லண்ணே" என்றார் விஜயன், கண்ணில் நீர் முட்ட. "நீங்க மனசு வருத்தப்படக் கூடாது."

சாப்பாட்டுப் பொறுப்பு தேன்மொழியிடம். அதிகம் பேசாத பெண். அவள் கொண்டுவந்த பாத்திரங்களைக் கமலநாதன் ஒவ்வொன்றாகத் திறந்தார்.

"மிளகாய் கூடாதும்மா. அது போர்த்துக்கீசியனோட வந்தது. தக்காளி, உருளைக்கிழங்கு எல்லாம் அப்படித்தான்."

"சரிங்க. டீ?"

"வெள்ளைக்காரன் பழக்கினது."

"காப்பி?"

"அதுவும் அப்புறந்தான்."

"தண்ணி இருந்துச்சாங்க?"

"இருந்துச்சு. பாட்டில்தான் இல்ல."

தேன்மொழி டீ டிரம்மைத் தூக்கிக்கொண்டு போனாள். அன்று எல்லோரும் மிளகு சாதத்தை வெந்நீரோடு விழுங்கினார்கள்.

கிளம்பும்போது ராஜம்மா அவரைத் தனியாக அழைத்தார். "அண்ணே, எல்லாத்தையும் நீங்க சொன்னபடியே செய்றோம். நீங்க மட்டும் அன்னைக்கு எங்கள வெயில்ல விட்டுடாதீங்க."

'நடுத்தெருவில் விட்டுவிடாதீர்கள்' என்பதைத்தான் இப்படிச் சொல்கிறார் என்று கமலநாதன் புரிந்துகொண்டார். "உயிரே போனாலும் விடமாட்டேன்" என்றார்.

"உங்க ஆளுங்க வந்துருவாங்கல்ல?"

"ஒருத்திதான் வருவா. பிரவீனா."

"ஒருத்தியா? பொம்பளையா?"

"பத்து ஆளுக்குச் சமம்மா அவ."

ராஜம்மா கையெடுத்துக் கும்பிட்டார். பெண்களை இவ்வளவு மதிக்கிற மனிதரா என்று வியக்கிறார் போலும் என நினைத்துக்கொண்டு கமலநாதன் காரில் ஏறினார்.

வீட்டில் பிரவீனா புது யூனிபார்முக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். "எனக்கென்னமோ இடிக்குது. எதுக்கு எல்லாரும் நீங்க சொல்றதுக்கெல்லாம் தலையாட்டுறாங்க?"

"அறிவுக்கு மரியாதை, பிரவீனா."

"நானும் இதே வீட்டுலதான் இருக்கேன். என் கண்ணுல படலியே?"

ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஜொகூர் வெயிலும் வந்தது. திடலில் புல்லைத் தவிர எதுவும் இல்லை. பிளாஸ்டிக் நாற்காலி வரக்கூடாது என்று கமலநாதன் முந்தின நாளே சொல்லியிருந்தார், வரவில்லை. குடை வரக்கூடாது என்றிருந்தார், அதுவும் வரவில்லை. செருப்பைக் காருக்குள் விட்டுவிட்டு, எல்லோரும் சூடேறிய மண்ணில் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நின்றார்கள். கைத்தறித் துணி கனத்தது. வியர்வையில் சாயம் இறங்கி, பானை வனைய வந்த பெண்களின் முழங்கை வரைக்கும் மஞ்சள் ஓடியது. விஜயன் கண்ணாடி இல்லாமல், கட்டைவிரலில் கட்டோடு, உலைக்கு எதிர்த்திசையில் நின்று ஊதிக்கொண்டிருந்தார்.

கமலநாதன் நடுவில் நின்று பார்த்தார். ஒரு ஜிப் இல்லை. ஒரு பொத்தான் இல்லை. ஒரு ஊக்கு இல்லை. அவர் சொன்னது, சொன்னபடியே, மனிதர்களாக எழுந்து நின்றது. ஒரு வாளி மூடியைக்கூடத் திருத்த முடியாதவர் ஒரு நூற்றாண்டையே திருத்திவிட்டார்.

பிரவீனா தன் குடையோடு வந்து சேர்ந்தாள்.

"குடை கூடாது, பிரவீனா."

"நான் இந்த நூற்றாண்டு ஆளுங்க" என்றபடி அவள் குடையை இன்னும் நன்றாக விரித்துக்கொண்டாள்.

பிள்ளைகளை அழைத்துக்கொண்டு குடும்பங்கள் வர ஆரம்பித்தன. வந்த வேகத்தில் ஓரத்து மரத்தடிக்கு ஓடின. தறிக்காரர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். குழுவில் இருந்த அத்தனை பேரும் கையை நெற்றியில் வைத்துச் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிறப்பு விருந்தினருக்காகக் காத்திருக்கிறார்கள் என்று கமலநாதன் நினைத்தார். அந்தக் காலத்தில் விருந்தினரை எப்படி வரவேற்றார்கள் என்று இரண்டு வார்த்தை சொல்லலாமே என்று தொண்டையைச் செருமினார்.

"அன்பர்களே! சோழர்கள் காலத்துல..."

"அண்ணே." கூட்டத்தை விலக்கிக்கொண்டு தேன்மொழி வந்தாள். முகமெல்லாம் மஞ்சள். இத்தனை நாள் அடக்கிவைத்திருந்தது குரலில் நடுங்கியது.

"சொல்லும்மா, சந்தேகமா?"

"சந்தேகந்தாங்க. ஓசியில கூடாரம் போட்டுத் தர்றேன்னு சாஆ ஊர்லருந்து போன்ல சொன்ன புண்ணியவான் நீங்கதான், நீங்க என்ன சொன்னாலும் தலையாட்டணும்னு ராஜம்மா அக்கா உத்தரவு. நாங்களும் ஆட்டிட்டோம், இப்பவாச்சும் சொல்லுங்க, 'கமலநாதன் கூடார வாடகை' லாரி எங்க வந்துக்கிட்டிருக்கு?"