அதிகாரி பார்க்க வந்த வகுப்பில் நான் வாய் திறந்த கதை

அன்பு மகனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். போன் பேச நேரமில்லாதவர்கள் எல்லாரும் நலமாகத்தான் இருக்கிறார்கள்.

வியாழக்கிழமை நடந்ததை நாலு பேர் திரித்துச் சொல்வதற்குள் நானே எழுதிவிடுகிறேன். அன்று அந்த வகுப்பறையில் இருந்தவர்கள்: என்னோடு தங்கி அந்தப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருக்கிற உன் மகள், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் முப்பத்திரண்டு பேர், யார் பேசினாலும் தலையாட்டியே கழுத்துச் சுளுக்கிக்கொண்ட தலைமையாசிரியை, பாடம் எப்படி நடக்கிறது என்று எடைபோட வந்த கல்வி அதிகாரி, அப்புறம் நான்.

அந்த அதிகாரி நல்லபடியாக எழுதினால்தான் உன் மகள் வேலை நிரந்தரம். இல்லையென்றால் வருஷக் கடைசியில் வீட்டுக்கு. முன்னேயெல்லாம் வாத்தியார் பேசுவார், பிள்ளைகள் தூங்கும், யாருக்கும் தொந்தரவில்லை. இப்போது பிள்ளைகள் பேசணுமாம், வாத்தியார் ஓரமாக நின்று சிரிக்கணுமாம். அதற்காக ஒரு வாரமாக வீடு முழுக்க அட்டை, கத்தரிக்கோல், பசை. சரி என்றால் பச்சை அட்டை, தப்பு என்றால் சிவப்பு அட்டை தூக்கணுமாம். அது போதாதென்று 'பெரியவரைப் பேட்டி எடுப்போம்' என்று ஒரு விளையாட்டு. பெரியவர் நான். "பாட்டி, நீங்க சும்மா உட்கார்ந்து எழுதிக் கொடுத்ததை மட்டும் சொன்னா போதும்" என்றாள். ஐந்தாவது தாண்டாதவள்தான் நான், அதற்காகச் சொன்னதைச் சொல்லக்கூடவா தெரியாது?

ஆனால் உன் புத்திசாலி மகள் பிள்ளைகளுக்கு நாலு தடவை ஒத்திகை வேறு வைத்திருக்கிறாள். முதல் பெண் எழுந்தாள். "பாட்டி நீங்க சின்ன வயசுல எப்படிப் பள்ளிக்கூடம் போனீங்க நடந்துதான் போனேன் கண்ணு நன்றி பாட்டி" என்று மூச்சுவிடாமல் ஒப்பித்துவிட்டு உட்கார்ந்தாள். அடுத்தவனும் அப்படியே. கேள்வியும் அதுங்களே, பதிலும் அதுங்களே, நான் எதுக்கு, துணிக்கடைப் பொம்மையா? அதிகாரி கொட்டாவி விட்டுக்கொண்டே ஏதோ எழுதினார். உன் மகள் முகம் சுண்ணாம்பாக வெளுத்துப்போச்சு. பெத்தவன் நீ பார்க்கலை, நான்தானே பார்த்தேன். மனசு கேட்குமா? "சொல்லிக்கொடுக்காததைக் கேளுங்கடா" என்றேன்.

முன்பல் விழுந்த ஒரு வாண்டு எழுந்து, "பாட்டி, உங்களுக்கு யார் மேலயாவது கோபமா?" என்றது.

அட என் ராசா! அந்த அதிகாரி வாசலில் நுழைந்த நடையிலேயே ஆளைத் தெரிந்துகொண்டேன், உன் மகளுக்காக வாயை மூடியிருந்தேன். கேட்டுட்டாங்களே, என்ன செய்ய? அவர் உட்கார்ந்திருந்த கடைசி பெஞ்சைக் காட்டினேன். "இதோ, இவர் மேலதான். என் மகனோட படிச்சவர். நாற்பத்தோரு வருஷத்துக்கு முன்னே, செவ்வாய்க்கிழமை, மூணாவது பீரியட், ஜன்னல் கண்ணாடி உடைஞ்சது. என் பிள்ளை பேரை இவர் போய்ச் சொன்னார். அவனுக்கு உள்ளங்கையில ஆறு அடி. இது சரியா, தப்பா?"

முப்பத்திரண்டு சிவப்பு அட்டை! ஒத்திகையே இல்லாமல்! தலைமையாசிரியைக்கு எந்தப் பக்கம் தலையாட்டுவது என்றே தெரியவில்லை.

அந்த மனுஷர் எழுந்து கையைக் கட்டிக்கொண்டு, "உடைச்சது அவன்தாம்மா. நான் கண்ணால பார்த்தேன்" என்றார். அவ்வளவுதான், வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. "பந்தா, கல்லா?" "நீங்க எங்க நின்னீங்க?" "வேற யாரு பார்த்தா?" மணி அடிச்சும் ஒண்ணும் வெளியே போகலை. உன் மகள் ஓரமாக நின்றாள். சிரித்தாளா அழுதாளா, நான் பார்க்கத் துணியலை.

சாயந்திரம் காகிதம் வந்தது. "பிள்ளைகளைக் கேள்வி கேட்கத் தூண்டிய விதம் மிகச் சிறப்பு, நிரந்தரம் செய்யலாம்." தூண்டினவள் பேர் அதில் எங்கேயும் இல்லை. இருக்கட்டும்.

மனசு நிறைஞ்சு எல்லாரையும் மன்னிச்சுட்டேன். பெத்த தாயை நாற்பத்தோரு வருஷம் ஏமாத்தி வெச்சிருந்த உன்னையும்தான். நீயும் உன் வீட்டுக்காரியும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் இருங்க. அதில் ஒரு நாளாவது எனக்குப் போன் பண்ணுங்க.

இப்படிக்கு,
அம்மா

பின்குறிப்பு: உடைச்சது நீதான்னு எனக்கு அன்னைக்கே தெரியும். உன் கால்சட்டைப் பையில கிடந்த கண்ணாடிச் சில்லு, துவைக்கும்போது என் விரலைக் கிழிச்சுதே. நான் மூச்சு விட்டேனா? என் கையால தின்னு வளர்ந்த சிநேகிதன், அவனும் மறைச்சிருக்கணுமா இல்லையா? அன்னைக்காவது ஒரு வாத்தியார்கிட்டதான் சொன்னான். இப்போ முப்பத்திரண்டு பிள்ளைங்க முன்னாடி, நீ பெத்த மக முன்னாடி, மறுபடியும் உன்னைக் காட்டிக்கொடுத்துட்டானே! யாரை மன்னிச்சாலும் அந்தக் கல்வி அதிகாரியை மட்டும் நான் மன்னிக்கவே மாட்டேன்.