நாக்குச் சோதனையில் தேறிய நாற்பது படிகங்கள்

ஒரு காட்டில், எல்லாக் காடுகளையும் போலவே, மரங்களுக்குச் சமமாக அலுவலகங்களும் செழித்திருந்தன. அவற்றில் ஒன்று படிகப் பூச்சுக் கூடம். வேலாத்தாள் என்ற தேவாங்கு அங்கே பூச்சுப் பிரிவில் வேலை பார்த்தாள்.

மலை உச்சியில் நாச்சிமுத்து என்ற கழுகு தீக்காவல் இருந்தார். வயதாகிக் கண் மங்கிவிட்டது. ஓய்வு ஆணை வரவில்லை, அதனால் தொலைநோக்கி கொடுத்திருந்தார்கள். அதிலிருந்த படிகம் வெயிலில் கூசும். போன கோடையில் அந்தக் கூச்சத்தில் புகை தெரியாமல் போய்க் கிழக்குச் சரிவு எரிந்தது. எரிந்த மரங்களில் ஒன்றில் வேலாத்தாளின் தங்கை இருந்தாள்.

அதன்பிறகுதான் மேலிடம் விழித்தது. கூச்சத்தைத் தடுக்கும் பூச்சோடு நாற்பது படிகங்கள் கோடைக்குள் வேண்டும் என்று உத்தரவு வந்தது.

பூசுவது பெரிய வேலையில்லை. ஒருவகைக் கல்லைச் சூடாக்கி, அதன் ஆவியைப் படிகத்தின்மேல் மெல்லிசாகப் படியவைப்பார்கள். படிந்தது நிற்க வேண்டும், அதுதான் பாடு. நிற்கிறதா என்று பார்க்க ஆய்வாளர் கனகசபை இருந்தார். அவர் பச்சோந்தி. பசையுள்ள தன் நாக்கைப் பூச்சின்மேல் ஒட்டி வெடுக்கென்று இழுப்பார். பூச்சு நாக்கோடு வந்தால் படிகம் தோற்றது. ஒவ்வொரு முறையும் வந்தது. மதியத்துக்குள் அவர் நாக்கு வானவில்லாக மின்னியது. அன்று அவர் மேனி நிறம் மாற வேண்டிய அவசியமே ஏற்படவில்லை.

கூடத்தின் தலைவர் தம்பிரான் என்ற கரடி. இன்னும் தடிமனாகப் பூசச் சொன்னார். தடித்த பூச்சு இன்னும் சீக்கிரம் உரிந்தது. உடனே ஒரு குழு அமைத்தார். படிகங்களுக்கு ஒத்துழைக்கும் மனப்பான்மை இல்லை என்று குழு கண்டுபிடித்தது.

வேலாத்தாள் எதையும் மெதுவாகத்தான் பார்ப்பாள். மூன்று நாள் படிகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான்காம் நாள் அவளுக்குப் புரிந்தது. அந்தப் படிகம் காற்றிலிருக்கும் ஈரத்தையே குடிக்கிற ஜாதி. அதைப் போய் ஓடையில் கழுவி, ஈரத்தோடு பூசிக்கொண்டிருந்தார்கள். போதாக்குறைக்கு, சூட்டில் உப்பிய படிகம் சட்டென்று ஆறிச் சுருங்கும்போது, அந்த அளவுக்குச் சுருங்க முடியாத பூச்சு பிடியை விட்டுவிடுகிறது. கழுவாமல் உலர்ந்த பஞ்சால் துடைக்க வேண்டும், இரண்டுக்கும் ஒத்துப்போகிற ஒரு படலத்தை நடுவில் வைக்க வேண்டும், ஒரு நாள் முழுக்க மெல்லச் சூடேற்றி மெல்ல ஆறவிட வேண்டும் என்று தலைவரிடம் சொன்னாள். பஞ்சுக்கு மூன்று படிவம் எழுதித் தரச் சொன்னார் அவர். அவள் காட்டில் உதிர்ந்து கிடந்த இலவம் பஞ்சைப் பொறுக்கிவந்து, நாற்பதில் சேராத ஒரே ஒரு படிகத்தைத் தன் முறையில் செய்து முடித்தாள்.

அதற்குள் தலைவரும் ஒரு வழி கண்டிருந்தார். சோதனைக்கு முன்பு கனகசபையின் நாக்கில் ஒரு பிடி சாம்பலைப் பூசச் சொன்னார். அரை நாழிகையில் நாற்பதும் தேறின.

“நாக்கு காய்ஞ்சு கிடக்குதுங்க ஐயா. அது எதுலயும் ஒட்டாதே” என்றாள் வேலாத்தாள்.

“விதியில் நாக்கு என்றுதான் இருக்கிறது, வேலாத்தா. ஈர நாக்கு என்று எங்கே இருக்கிறது?”

தன் படிகத்தையாவது சாம்பலில்லாமல் சோதிக்கும்படி அவள் கனகசபையைக் கெஞ்சினாள். அவர் நாக்கைக் கழுவிவந்து ஒட்டினார், இழுத்தார். பூச்சு அசையவில்லை, நாக்கின் தோல்தான் வந்தது. வாய் பேச முடியாததால் அறிக்கையை எழுதியே கொடுத்தார்: தேவைக்கு மேல் ஒட்டுகிறது, நிராகரிக்கப்பட்டது.

வேலாத்தாள் அந்தப் படிகத்தைப் பஞ்சில் பொதிந்து கட்டிக்கொண்டு மலையேறினாள். தேவாங்கு நடை, இரண்டு நாள் ஆயிற்று. முன்பே உச்சிக்குப் போய்ச் சேர்ந்திருந்த நாற்பது படிகங்களும் முதல் பனியிலேயே பாம்புச்சட்டைபோல் உரிந்து கிடந்தன. நாச்சிமுத்து நெற்றியில் இறகை வைத்து வெறுங்கண்ணால் காவல் காத்துக்கொண்டிருந்தார். அவள் தன் படிகத்தைப் பொருத்திக் கொடுத்தாள்.

வெகுநேரம் பார்த்துவிட்டு, “அம்மிணி, மேக்கால பள்ளத்துல வெள்ளையா என்னமோ தெரியுது. மேகமாட்ட இருக்குது” என்றார்.

“மேகம் தரையிலிருந்து கிளம்பாதுங்க.”

கழுகு கத்திய கத்தலில் யானைகள் துதிக்கையில் ஆற்றோடு புறப்பட்டன. தீ பள்ளத்தைத் தாண்டவில்லை. புகை அடங்கும்வரை வேலாத்தாள் தொலைநோக்கியின் காலைப் பிடித்த கையை எடுக்கவில்லை.

சோதித்துத் தேறிய நாற்பது படிகங்களால் காட்டைக் காத்ததற்காகத் தம்பிரானுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். கனகசபைக்குக் கடமையில் காயமுற்ற வீரர் என்று பட்டம். நிராகரித்த பொருளை அனுமதியின்றி மலைக்குக் கொண்டுபோனது ஏன் என்று வேலாத்தாளுக்கு ஓலை வந்தது. அவள் பத்து நாள் எடுத்துக்கொண்டு பதில் எழுதினாள்: “புகை தெரிந்தது, ஐயா.”

கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை என்று குறித்துத் தலைவர் அதைக் கோப்புக் கட்டில் சேர்த்தார். பிறகு அடுத்த கோடைக்கு நானூறு படிகமும் நான்கு மூட்டைச் சாம்பலும் கேட்டு எழுதினார்.

நீதி: பூச்சு ஒட்டவில்லையென்றால் படிகத்தோடு மல்லுக்கட்டாதே. சோதிக்கிற நாக்குக்குச் சாம்பல் பூசு, அந்தப் பூச்சு எந்தப் பனிக்கும் உரியாது.