ரூபியின் கைக்கு மெஷின், மெஷினுக்கு ஒரு தகடு

அன்புத் தம்பி ஸ்டீபன்ராஜுக்கு,

திண்டுக்கல்லிலிருந்து அண்ணன் செபஸ்தியான், ஆசீர்வாதத்தோடும் கொஞ்சம் ஆத்திரத்தோடும் எழுதுவது. போனில் சொன்னால் நீ சிரிக்கிறாய். கடிதத்தைப் படித்துச் சிரித்தால் எனக்குக் கேட்காது.

உன் அண்ணி ரூபி பெயர்ப்பலகைக்கு மர எழுத்து அறுக்கிறவள். மணிக்கட்டு வீங்கி, இனி ரம்பத்தைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் அழவில்லை, ரம்பத்தைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்தாள். எனக்குத்தான் தாங்கவில்லை. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன்தான், ஆனாலும் கம்ப்யூட்டர் சொன்னபடி எழுத்து வெட்டும் மெஷினை வீட்டிலேயே கட்டிவிடுவது என்று தீர்மானித்தேன். மோட்டார் வந்துவிட்டது. சட்டத்துக்கு அலுமினியம் வேண்டும். அங்கேதான் வினை.

முதலில் ஜன்னல் செய்கிற கடையில் சட்டம் வாங்கி மாட்டினேன். உள்ளே வெறும் கூடு இல்லையா, மோட்டார் சுற்றியதும் மொத்த மெஷினும் குளிர்காய்ச்சல் வந்த மாதிரி நடுங்கி, 'அ' வெட்டச் சொன்னால் புழு நெளிந்த மாதிரி ஒன்றை வெட்டியது. சரி, கட்டியாக நாமே வார்ப்போம் என்று வீட்டுச் சட்டிகளை உருக்கி மணலில் ஊற்றினேன். ஆறியபின் பார்த்தால் ஆப்பம் மாதிரி உடம்பெல்லாம் ஓட்டை. துளை போட்டால் டிரில் பிட்டில் அல்வாவாக அப்பிக்கொண்டது. ரூபி எட்டிப் பார்த்து, "ஏங்க, இட்லிச் சட்டி எங்க?" என்றாள். நான் வார்ப்பின் மேல் சாக்கை இழுத்து மூடினேன்.

அப்புறம் பேகம்பூரில் முனீர் பாயின் பழைய இரும்புக் கடைக்குக் காந்தத்தோடு போனேன். ஒட்டாவிட்டால் அலுமினியம், அம்புட்டுத்தானே! ஒட்டாத தகடு ஒன்றைப் பொறுக்கிச் சைக்கிளில் பின்னால் கட்டினால், முன்சக்கரம் மேலே தூக்குகிறது. அலுமினியத்துக்கு இம்புட்டுக் கனமான்னு அப்பவாச்சும் யோசிச்சிருக்கணும்ல? யோசிக்கல. அறுத்தேன், அறுத்தேன், நகக்கண் அளவுகூட இறங்கல, பிளேடு பிளேடா முறியுது. எதிர்வீட்டு மோகன்குமார் வந்து தட்டிப் பாத்துட்டு, "அண்ணே, இது எவர்சில்வராச்சே!"ன்னான். எவர்சில்வர்லயும் காந்தம் ஒட்டாதாம். யாராச்சும் சொன்னாங்களா?

நான் விடுறதா இல்ல. கோயம்புத்தூர் பம்ப் கம்பெனியில இருக்கிற நீ, வெட்டி மிச்சம் போட்டதுல 6061னு நம்பர் போட்ட கெட்டி அலுமினியத் தகடா, விரல் கனத்துல ஒண்ணு கேட்டு வாங்கி அனுப்பு. அதுதான் விறைப்பா நிக்குமாம், சீவுனா சுத்தமா வருமாம். முனீர் பாய் கடைப் பக்கம் இனித் தலைவச்சுப் படுக்க மாட்டேன். ரூபி மறுபடி எழுத்து வெட்டணும், என் மெஷின்லதான் வெட்டணும்.

உன் வீட்டார் எல்லாரையும் அந்தோணியார் காக்கட்டும். தகட்டையும் அவரே பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன் அண்ணன்,
செபஸ்தியான்

பி.கு. தம்பி, இது அண்ணி எழுதுகிறேன். இந்தக் கடிதத்தை அண்ணன் தபாலில் போடவே இல்லை. சட்டையைத் துவைக்க எடுத்தபோது கிடைத்தது. தகடு வேண்டாம். முனீர் பாயிடம் நானே போனேன். "அவரு காந்தத்தோட வந்தாரு, எதுக்குன்னு சொல்லவே இல்லயேம்மா! மில்லு மெஷின்ல கழட்டுன அலுமினியத் தகடு உள்ள கெடக்கு" என்று எடுத்துக் கொடுத்தார். மெஷின் ஓடுகிறது. 'அ' அழகாக வருகிறது. எனக்குக் கை தேவலை. எவர்சில்வரை அறுத்ததில் அண்ணனுக்குத்தான் மணிக்கட்டு வீங்கிக் கட்டுப் போட்டிருக்கிறோம். இப்போது இடது கையால் இதைவிடப் பெரிய மெஷினுக்குப் படம் போட்டுக்கொண்டிருக்கிறார். தகடு கேட்டு எழுதுவார். கோயம்புத்தூரிலேயே அலுமினியம் இல்லை என்று சொல்லிவிடுங்கள்.