செவலைக்கு நான் நடத்திய வளைகாப்பு

வயிறு காயக் காய உட்கார்ந்துகொண்டு, "இப்பத்தான் சாப்பிட்டேன்" என்று போனில் சொல்வதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. என்ன குழம்பு, தொட்டுக்கொள்ள என்ன, மறுசோறு வாங்கினேனா என்பது வரை தங்குதடையில்லாமல் சொல்வேன். அந்தத் திறமை ஒரே நாளில், இலஞ்சியில் எங்கள் வீட்டு மாட்டுத் தொழுவத்தில், உறவுக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் மண்ணைக் கவ்வியது. எட்டு வருஷம் ஆகிறது. அதைச் சொல்லிச் சிரிக்காமல் எங்கள் சொந்தத்தில் இன்றுவரை ஒரு விசேஷம் முடிந்ததில்லை.

கல்யாணமான அறுபதாவது நாள் என் வீட்டுக்காரர் அபுதாபிக்குக் கிளம்பினார். வாசலில் நின்று என்னைப் பார்த்து, கண்கலங்கி, "செவலையைப் பாத்துக்கோ" என்றார். (என்னை யார் பார்த்துக்கொள்வது என்று சொல்லவே இல்லை.)

செவலை அவர் கன்றுக்குட்டியிலிருந்து வளர்த்த பசு. முதல் சினை. தினமும் போன் வரும். செவலை தண்ணீர் குடித்தாளா, செவலைக்குப் புல் அறுத்தாயா, செவலை படுத்து எழுந்திருக்கிறாளா என்று விசாரித்து முடித்த பிறகு என் முறை வரும். இருபத்துமூன்று வயதில் எனக்கு ஒரு சக்களத்தி வாய்த்திருக்கிறாள், அதுவும் கொம்போடு என்று நினைத்துக்கொள்வேன். நானும் மாசமாக இருக்கிறேன் என்று தெரிந்த பிறகுகூட அந்த வரிசை மாறவில்லை.

ஆனால் சக்களத்தியோடு எவ்வளவு நாள்தான் முறைத்துக்கொள்வது? ஒருநாள் தொழுவத்தில் நின்றபடியே ஸ்பீக்கரில் பேசினேன். அவர் குரல் கேட்டதும் செவலை அசைபோடுவதை நிறுத்திவிட்டுக் காதை உயர்த்தினாள். குரல் வருகிற திசையில் ஆள் இருக்கிறாரா என்று தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவர் போனை வைத்த பிறகும் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்த வீட்டில் என்னைப் போலவே ஏமாந்து நிற்கிற இன்னொரு ஜீவன் இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது. அன்றோடு பகை தீர்ந்தது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். வாந்தியும் மசக்கையும் நாலாம் மாதத்தோடு நின்றுவிட்டன. அதற்குப் பிறகும் எனக்குச் சோறு இறங்கவில்லை என்றால் அது ஏக்கம்தான், வேறு நோய் இல்லை. சாப்பிட உட்கார்ந்தால் எதிரே அவர் உட்காரும் பலகை சுவரில் சாய்த்து வைத்திருக்கும். அதைப் பார்த்ததும் பிசைந்த சோற்றை அப்படியே தட்டில் விட்டுவிடுவேன். என் மாமியாரோ, அத்தை என்று நான் கூப்பிடுகிறவர், ரெண்டு உசுருக்குத் திங்க வேண்டும் என்று சோற்றை மலைபோல் குவிப்பார். அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் தட்டு முந்தானைக்குள் போகும். முந்தானை தொழுவத்துக்குப் போகும். செவலை ஒரு பருக்கை மிச்சம் வைக்க மாட்டாள். இரண்டு பேரும்தான் சினை, யாராவது ஒருத்தி நன்றாகச் சாப்பிட்டால் சரி என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன்.

மூன்று மாதத்தில் செவலை எண்ணெய் தடவியதுபோல் மினுங்கினாள். வீடியோவில் பார்த்துவிட்டு அவருக்கு ஒரே பெருமை. நீதான் எளைச்ச மாதிரி இருக்கே என்றார். கேமராவில் ஏதோ கோளாறு என்றேன்.

ஆனி மாதம் வளைகாப்பு வைத்தார்கள். அவருக்கு லீவு கிடைக்கவில்லை. அவருடைய அக்கா, எனக்கு மதினி, ஒரு யோசனை செய்தார். என் பக்கத்தில் நாற்காலி போட்டு, அதன்மேல் செம்பை வைத்து, செம்பில் போனைச் சாய்த்து, அவரை உட்கார வைத்துவிட்டார். யாரோ ஒரு புண்ணியவதி போனுக்குச் சந்தனம் வேறு வைத்தாள். சாரல் காற்றில் சிக்னல் போய்ப் போய் வந்தது. நலுங்கு வைக்கும் நேரத்தில் அவர் வாயைப் பாதி திறந்தபடி அப்படியே நின்றுபோனார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்து முடித்தபோது எனக்கு அந்த நாற்காலியில் நிஜமான ஓர் ஆள் வேண்டும்போல் இருந்தது.

சாயங்காலம் ஐந்து மணிக்குள் என்னைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போக வேண்டும். சுரண்டையிலிருந்து அம்மா வேனோடு வந்திருந்தாள். பிள்ளை பிறந்து மூன்றாம் மாதம்தான் திரும்பி வருவேன். அவர் குரலுக்குக் காதை உயர்த்துகிற ஒரே ஜீவனையும் விட்டுப் போகிறோமே என்று பந்தியில் உட்கார்ந்திருந்தபோது தோன்றியது. தோன்றியதோடு நிறுத்தியிருக்கலாம்.

எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தொழுவத்துக்கு நழுவினேன். எனக்கு நடந்தது அவளுக்கும் நடக்கட்டும் என்று நெற்றியில் சந்தனம், குங்குமம் வைத்தேன். மிஞ்சிய கண்ணாடி வளையல்களைக் கொம்புக்கு அரை டஜனாக மாட்டிவிட்டேன். வளைகாப்பு என்றால் கலந்த சாதம் இல்லாமலா? புளியோதரை, எலுமிச்சம் சாதம், தேங்காய் சாதம், தயிர் சாதம், சர்க்கரைப் பொங்கல் என்று ஓர் அன்னக்கூடை நிறைய அள்ளி வந்தேன். காலி செய்துவிட்டு முகத்தைப் பார்த்தாள். இன்னொரு கூடை கொண்டுவந்தேன். மேலே கொஞ்சம் பாயசமும் ஊற்றினேன். (உபசாரத்தில் குறை வைக்கக் கூடாதல்லவா!)

நாலு மணிக்கு வேனில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தபோது தொழுவத்திலிருந்து அத்தையின் அலறல் கேட்டது. பட்டுப்புடவைக் கூட்டம் மொத்தமும் அங்கே ஓடியது. செவலையின் இடது வயிறு உப்பிக் கிடந்தது. பல்லை நறநறவென்று கடித்தாள். வாயில் நுரை. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கால் மடங்கிப் படுத்துவிட்டாள். மதினி கையில் போன் இருந்தது. போனில் அவர், "என்னாச்சு, என்னாச்சு" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் என்னை நம்பி ஒப்படைத்துப் போனது இது ஒன்றுதான். வயிற்றில் எட்டு மாதக் கன்று வேறு.

மாட்டு டாக்டருக்குப் போன் போட்டால், சீசனுக்கு வந்த விருந்தாளிகளோடு ஐந்தருவியில் நின்றுகொண்டிருந்தார். (சாரல் விழுந்துவிட்டால் எங்கள் பக்கத்தில் விருந்தாளிகளை அருவிக்குக் கூட்டிப் போகாத வீடு ஏது?) விஷயத்தைக் கேட்டதும், ஆப்பச் சோடாவைத் தண்ணீரில் கலந்து தயாராக வைக்கச் சொல்லிவிட்டு, ஈர டவுசரோடு தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு நேராக பைக்கில் வந்து இறங்கினார். மாட்டைப் பார்த்தார். கொம்பைப் பார்த்தார்.

வளையல் யார் போட்டது என்று கேட்டார். நான் என் கைவளையல்களை முந்தானையால் மூடிக்கொண்டேன்.

மூக்கை ஒருதரம் அதன் வாயருகே கொண்டுபோனவர், சோறு தின்றிருக்கிறது என்றார். நாங்கள் மாட்டுக்குச் சோறே வைப்பதில்லையே என்று அத்தை சத்தியம் செய்தார். மாட்டின் வாயில் குழாயை விட்டுச் சோடாத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே டாக்டர் தலையை ஆட்டினார்.

"இன்னைக்கு மட்டும் தின்ன மாடு இல்ல இது. உடம்பப் பாத்தாலே தெரியுது. எத்தனை மாசமா சோறு போடுதிய?"

டாக்டர் கேட்டது அத்தையை. பதில் என் வாயிலிருந்து வந்தது. மூன்று மாதமாக என்றேன். யார் சோறு என்றார் அத்தை. என் சோறு என்றேன்.

டாக்டர் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். பிறகு செவலையைப் பார்த்தார்.

"கடைசி ரெண்டு மாசத்துலதாம்மா உள்ள உள்ளது வேகமா வளரும். தாய் திங்கதுதான் அதுக்கும். மாட்டுக்குப் பசும்புல்லும் வைக்கோலும் வேணும், தீவனமும் தாது உப்பும் அளவா வேணும். கொறஞ்சா கன்னு நோஞ்சானாப் போவும். இப்படிக் கொழுத்தா ஈனயில சங்கடப்படும். மாடு தேவைக்கு மேல இருக்கு, நீங்க எலும்பா நிக்கிய. ரெண்டும் நல்லபடியாப் பொறக்கணும்லா?"

அத்தை வாயைப் பொத்திக்கொண்டார். அம்மா அழ ஆரம்பித்தாள். செவலையைக் கொன்றுவிட்டேன், இனி அவர் என் முகத்தில் விழிக்க மாட்டார் என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன். மதினி போனை என் முகத்துக்கு நேராகப் பிடித்தார். சந்தனம் காய்ந்த கண்ணாடிக்குப் பின்னால் அவர் முகம் அசையாமல் நின்றது. சிக்னல் போய்விட்டதென்று நினைத்தேன். போகவில்லை.

"ஏட்டி," என்றார். "அப்ப மூணு மாசமா நீ எதத் தின்ன?"

செவலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கல்யாணமாகி முதல்முறையாக என்னை முதலில் கேட்டார். பட்டுப்புடவையோடு சாணத்தில் உட்கார்ந்து விக்கி விக்கி அழுதேன்.

நல்ல நேரம் போய்விட்டது. வேன் காலியாகத் திரும்பியது. வாசலில் மாவிலை கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து, தொழுவத்து உத்தரத்தில் கட்டி, குளுக்கோஸ் பாட்டிலைத் தொங்கவிட்டார்கள். பக்கத்தில் என்னை உட்கார வைத்து அத்தை பிசைந்து பிசைந்து ஊட்டினார். ஊட்டிக்கொண்டே திட்டினார். போனில் அவர் ஒவ்வொரு உருண்டையாக எண்ணிக்கொண்டிருந்தார். இருட்டுவதற்குள் செவலை எழுந்து நின்றாள். மறுநாள் மெல்ல அசைபோட்டாள். அதற்கு மறுநாள் நான் சுரண்டைக்குப் போனேன்.

செவலை மெலிந்தாள், நான் பருத்தேன். முதலில் அவள் ஈன்றாள், பெட்டைக் கன்று. பின்னாலேயே எனக்கும் பெண். இரண்டும் திடமாகப் பிறந்தன. இன்றும் எங்கள் வீட்டு விசேஷங்களில் நான் பந்தியில் உட்கார்ந்தால், "இவ இலைக்குக் காவலா ஒரு ஆளப் போடுங்க, தொழுவத்துக்குப் போயிரும்" என்று அத்தை சத்தமாகச் சொல்வார். மகள் சோற்றை அளைந்தால், அம்மா புத்தி என்கிறார்கள்.

அவர் இன்னும் அபுதாபியில்தான் இருக்கிறார். வருஷத்துக்கு நாற்பது நாள் வருவார். அன்றிலிருந்து தினமும் ராத்திரிச் சாப்பாட்டுக்குச் செம்பில் போனைச் சாய்த்துவிடுவேன். எட்டு வருஷமாக நான் சாப்பிட்டு முடிக்கும்வரை பார்த்துவிட்டுத்தான் வைக்கிறார். இப்போது எனக்கு நன்றாகவே பசிக்கிறது. ஆனாலும் தட்டின் ஓரத்தில் ஒரு பிடி சோற்றை மட்டும் ஒதுக்கிவைத்து உருட்டிக்கொண்டே இருப்பேன். அதையும் தின்னு, அதையும் தின்னு என்று சொல்லிக்கொண்டே இருப்பார். அதைத் தின்றுவிட்டால் போனை வைத்துவிடுவாரே.