படகில் பால் காய்ச்சிய கதை

கல்யாணமாகி இருபது வருஷம் ஆன புருஷனும் பொண்டாட்டியும் ஒரே போனில் சேர்ந்து வீடியோ பார்க்கக் கூடாது. தனித்தனியாகப் பார்த்தால், ஒருவருக்குப் புத்தி கெட்டாலும் மற்றவர் தலையில் தட்டி உட்கார வைப்பார். சேர்ந்து பார்த்தால் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் கெட்டுப்போகும். அப்புறம் தட்டுவதற்கு ஆள் கிடையாது.

எங்களுக்குக் கெட்டது ஒரு மழைக்காலத்தில். மகன் கோயமுத்தூரில் காலேஜ் சேர்ந்து ஹாஸ்டலுக்குப் போய்விட்டான். மலைமேல் மஞ்சக்குட்டை என்ற ஊரில் காபித் தோட்டத்துக்கு நடுவே எங்கள் வீடு. வெளியே பனிமூட்டம், உள்ளே நானும் சாமுவேலும், நடுவில் ஒரு போன். (கணவர் பெயரை எழுதத்தான் செய்வேன். கூப்பிடுவது "ஏனுங்க" என்றுதான்.) அந்தப் போனில் ஒரு வெள்ளைக்கார ஜோடி. வீட்டை விற்றுப் பாய்மரப் படகு வாங்கி, அதிலேயே சமைத்து, அதிலேயே தூங்கி, ஆளரவமில்லாத தீவாகப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண் துணி காயப்போடுவதுகூட அழகாக இருந்தது. மழைக்காலத்தில் எங்கள் ஊரில் துணி காயவே காயாது என்பதால், நான் அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

"நாமளும் இப்படிப் போலாமுங்களா?" என்றேன் ஒருநாள்.

"போனாப் போச்சு புள்ள. இங்க நமக்கு என்ன இருக்குது?" என்றார்.

இந்த மனுஷருக்குச் சேலம் பஸ்ஸில் மலை இறங்கவே மூக்குக்கு நேரே எலுமிச்சம்பழம் வேண்டும். நானோ பள்ளிக்கூடத்தில் புவியியல் டீச்சர். உலகத்தில் உள்ள தீவுகளையெல்லாம் குச்சியால் தொட்டிருக்கிறேன், காலால் தொட்டது ஒன்றுகூட இல்லை. இப்படிப்பட்ட இரண்டு பேர் உட்கார்ந்து அந்தமான், லட்சத்தீவு என்று திட்டம் போட்டோம். வீட்டையும் தோட்டத்தையும் விற்றுப் பெரிய படகு வாங்குவது, மிச்ச ஆயுளைக் கடலில் கழிப்பது. அதற்கு முன்னால் பழகிக்கொள்ள ஒரு சின்னப் படகு.

அந்தச் சின்னப் படகு புதுச்சேரியில் கிடைத்தது. பழசு. உள்ளே இரண்டு பேர் படுக்கிற மாதிரி ஒரு அறை, மேலே பாய்மரம், பெயர் கடல்ராணி. லாரியில் ஏற்றி, கொண்டை ஊசி வளைவுகளையெல்லாம் தாண்டி ஒண்டிக்கடை முக்கில் வந்து நின்றபோது, டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் கிளாசோடு எழுந்து வந்துவிட்டார்கள்.

"ஏனுங்க டீச்சர், இது எங்கீங்க போவுது?" என்றார் ஒருவர்.

"அந்தமானுக்குங்க" என்றேன்.

அவர் லாரி வந்த வழியைப் பார்த்தார், போகிற வழியைப் பார்த்தார், டீயைக் குடித்தார்.

தோட்டத்தின் பள்ளத்தில் காபிக்குத் தண்ணீர் பாய்ச்ச ஒரு குட்டை உண்டு. அதில்தான் கடல்ராணியை இறக்கினோம். இந்த மாதிரிப் படகுக்கு அடியில் ஒரு இரும்புக் கனம் இருக்கும். படகு சாயாமல் நிமிர்ந்து நிற்பது அதனால்தான். எங்கள் குட்டைக்கு அது தரைதட்டும் என்று கழற்றிக் கரையில் வைத்துவிட்டோம். "குட்டையில என்ன பெரிய அலை வந்துரப் போவுதுங்க?" என்று கேட்ட அறிவாளி நான்தான்.

பிறகு படகிலேயே குடியேறினோம். வீடியோவில் வராத விஷயங்கள் சில உண்டு. அந்த அறையில் நிமிர்ந்து உட்கார முடியாது. சாமுவேல் தினமும் காலையில் எழுந்ததும் ஜெபம் சொல்வதற்கு முன்னால் கூரையில் தலையை முட்டிக்கொள்வார். படுக்கை ஈரம், தலையணை ஈரம், தீப்பெட்டி ஈரம். குட்டைக்கு நடுவில் ஒரு மேடும் அதில் ஒரு பலாமரமும் உண்டு. அதுதான் எங்கள் தீவு. அங்கே ஆராய்ச்சிக்குப் போய் ஆளுக்கு நாலு அட்டைக் கடி வாங்கி வந்தோம். அவசரத்துக்கெல்லாம் நான் கரைக்கு மேலே இருந்த எங்கள் வீட்டுக்குத்தான் ஓடினேன். ஓடியவள் அப்படியே அடுப்படிக்குள் போய்க் கொஞ்ச நேரம் சும்மா நிற்பேன். நிமிர்ந்து நிற்பது இவ்வளவு சுகமான காரியம் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

எனக்கு ஆசை விட்டுப்போயிருந்தது. ஜன்னலைத் திறந்தால் காபிப் பூ வாசம் வருகிற வீட்டை விற்கப்போகிறோம் என்று நினைத்துவிட்டால் மறுபடியும் அடுப்படிக்கு ஓடுவேன். ஆனால் சொல்ல வாய் வரவில்லை. ஆரம்பித்து வைத்தவளே நான். அவரோ தலை வீங்கினாலும் கயிறு முடிச்சுப் போடப் பழகிக்கொண்டிருந்தார். பாவம், இவ்வளவு ஆசையாக இருக்கிற மனுஷரிடம் எப்படி வேண்டாம் என்பது?

இதற்குள் வீட்டை வாங்க ஆள் வந்துவிட்டது. நல்லதம்பி என்று சேலத்து ஜவுளிக்காரர். நல்ல மனிதர், சாங்கியம் சம்பிரதாயம் கொஞ்சம் ஜாஸ்தி. வீடு பிடித்துவிட்டது, விலை பிடித்துவிட்டது, ஒரே ஒரு நிபந்தனை.

"குடியிருக்கறவங்களக் கெளப்பிட்டு ஊட்ட வாங்கற பாவம் எனக்கு வேண்டாமுங்க. நீங்க உங்க புது ஊட்டுல பால் காய்ச்சுங்க. அதைக் கண்ணால பாத்துட்டுத்தான் நான் அக்ரிமெண்டுல கையெழுத்துப் போடுவேன்."

எங்கள் புது வீடு குட்டையில் மிதந்துகொண்டிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வைத்துக்கொண்டோம். கணவரின் அக்கா பிலோமினா அண்ணி சொந்தபந்தங்களோடு வந்து இறங்கினார். எந்த விசேஷமானாலும் நடத்துவது அவர்தான். (கல்யாண வீட்டில் மாப்பிள்ளையே அவரிடம் கேட்டுத்தான் தாலி கட்டுவார்.) வீட்டை மந்திரிக்க ஃபாதரைக் கூப்பிட்டிருந்தோம். ஃபாதர் கரையில் நின்று கடல்ராணியை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏம்மா ஸ்டெல்லா, இது ஊடா, வண்டியா? ரெண்டுக்கும் ஜெபம் வேற வேற."

எதற்கும் இருக்கட்டும் என்று ஃபாதர் இரண்டையும் வாசித்தார். தீர்த்தம் தெளித்தார். எல்லாரும் பலகை மேல் நடந்து படகில் ஏறினார்கள். நல்லதம்பி சட்டைப் பையில் அக்ரிமெண்டோடு முன்னால் வந்து நின்றார். அண்ணி படகின் பின்பக்கத் தட்டின் நடுவில் அடுப்பை வைத்து, புதுச் சட்டியில் பால் ஊற்றினார்.

நான்தான் பற்ற வைக்க வேண்டும். வைத்தேன். இது பொங்கினால் வீடு போய்விடும். கல்யாணமாகி நான் நிலைப்படி தாண்டி வந்த வீடு, மகனைப் பெற்றுக் கொண்டுவந்து தொட்டிலில் போட்ட வீடு. மாதாவே, இந்தப் பால் பொங்காமலே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே அடுப்பைக் கூட்டி வைத்தேன். ஊர் உலகத்தில் எந்தப் பெண்ணும் புது வீட்டில் இப்படி வேண்டியிருக்க மாட்டாள்.

பால் ஏறத் தொடங்கியது. பால் காய்ச்சும்போது நம் ஆட்கள் பார்ப்பது பாலை இல்லை, அது எந்தப் பக்கம் பொங்கி வழிகிறது என்பதைத்தான். கிழக்கே வழிந்தால் விசேஷம்.

"கெழக்காலதான் வருது! கெழக்கால வருது!" என்று அண்ணி கத்தினார்.

அவ்வளவுதான். படகில் இருந்த அத்தனை பேரும் அதைப் பார்க்கக் கிழக்குப் பக்கம் வந்தார்கள்.

கடல்ராணி ஒருமுறை முனகியது. பின்தட்டு மெதுவாகச் சாய்ந்தது. "ஏனுங்க..." என்று நான் ஆரம்பித்தேன், முடிக்கவில்லை. மூட்டையிலிருந்து காபிக்கொட்டை கொட்டியது போல ஒருவர் பின் ஒருவராகச் சரிந்தோம். ஃபாதர் தெளித்தது ஒரு கை தீர்த்தம், மிச்சத்தைக் குட்டையே பார்த்துக்கொண்டது.

எழுந்து நின்றால் தண்ணீர் இடுப்பளவுதான். முதலில் எல்லாரும் எல்லாரையும் எண்ணினோம். ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஃபாதர் கண்ணாடியைத் தேடி எடுத்துத் துடைக்க அங்கியைப் பிடித்தார், அதுவும் நனைந்திருந்தது. சிரித்துவிட்டார். படகு ஒருக்களித்துக் கிடந்தது. பிலோமினா அண்ணி மட்டும் பால் சட்டியை விடாமல் இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றார். அதற்குள் இப்போது குட்டைத் தண்ணீரும் ஒரு தவளைக் குஞ்சும் இருந்தன.

"கெழக்காலதான் பொங்குச்சு. நான் பாத்தேன்" என்றார்.

"பொங்குச்சுங்க அக்கா" என்றார் நல்லதம்பி. பையிலிருந்து அக்ரிமெண்டை எடுத்துத் துண்டு பிழிவது போலப் பிழிந்தார். "கூடவே ஊடும் பொங்கிருச்சே. புது ஊடு முழுவிப் போனவங்ககிட்ட இருக்கற ஊட்டையும் புடுங்கினா எங்க பரம்பரை வெளங்குமுங்களா? என்ன மன்னிச்சிருங்க டீச்சர். உங்க ஊடு எனக்கு வேண்டாமுங்க."

எல்லாரும் எங்களைத்தான் பார்த்தார்கள். சாமுவேல் தண்ணீரில் நடந்து என் பக்கத்தில் வந்தார். தலையில் பாசி.

"நொம்ப வருத்தமா புள்ள?" என்றார் மெதுவாக.

"இல்லீங்களா பின்னே?" என்றேன். "உங்களுக்கு?"

"எனக்கும்தான்" என்று சொல்லும்போதே அவர் வாய் ஒரு பக்கமாக இழுத்தது. இந்த முகத்தை எனக்குத் தெரியும். மகனுக்குக் காய்ச்சல் விட்ட அன்றைக்குத்தான் கடைசியாகப் பார்த்தேன். "தலை முட்டி முட்டி எனக்கு மூளையே கலங்கிப் போச்சு புள்ள. நீ ஆசப்படறயேன்னு பேசாம இருந்தேன்."

"நான் நீங்க ஆசப்படறீங்கன்னு இருந்தேனுங்க!"

அப்புறம் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில், அதிர்ச்சியில் இதுகளுக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று அண்ணி பயந்துபோய், சட்டியில் இருந்ததை எங்கள் தலையில் ஊற்றினார். தவளையோடு. அவ்வளவு நிம்மதியாக நான் என் கல்யாணத்தன்றுகூடச் சிரித்ததில்லை. நனைந்த சேலையோடு கரையேறிப் போய், வந்தவர்கள் எல்லாருக்கும் எங்கள் பழைய அடுப்பில், எங்கள் பழைய வீட்டில் காபி போட்டேன். நல்லதம்பி இரண்டு டம்ளர் குடித்தார்.

இப்போதும் எங்கள் குடும்பத்தில் எங்கே புது வீட்டில் பால் காய்ச்சினாலும், அது கான்கிரீட் போட்ட மூன்றாவது மாடி அபார்ட்மெண்டாகவே இருந்தாலும், அடுப்புப் பற்ற வைத்ததும் பிலோமினா அண்ணி கையைத் தூக்கிவிடுவார்.

"எல்லாரும் ஒரே பக்கம் நிக்காதீங்க! பாதிப் பேரு அக்கட்டால போங்க!"

கூட்டம் சிரித்துக்கொண்டே இரண்டாகப் பிரியும். மேற்குப் பக்கம் போவதற்கு முதலில் கிளம்புவது நாங்கள் இரண்டு பேரும்தான். அங்கிருந்து பால் தெரியாது, எல்லாருடைய முதுகும்தான் தெரியும். சாமுவேல் என் கையைப் பிடித்துக்கொள்வார். யார் வீட்டுப் பால் எந்தப் பக்கம் பொங்கினால் எங்களுக்கென்ன, சாயங்காலம் மஞ்சக்குட்டை பஸ்ஸைப் பிடித்தால் எங்கள் ஊட்டுக்குப் போய்விடலாம்.