பேயிடம் சொல்லியனுப்புகிறவர்

பயங்கர நாவலாசிரியர் என்றொரு இனம் உண்டு. கோடைக்கானல் குளிரில் அது கொழுத்து வளரும். வெயிலடித்தால் ஜன்னலைச் சாத்தும். மூடுபனி இறங்கினால் கறுப்புச் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொள்ளும். பேட்டி எடுக்க யாராவது வந்துவிட்டால் கண்ணை அரைவாசி மூடி, "நான் எழுதுவதில்லை, இருள் எழுதுகிறது" என்று குரலைத் தாழ்த்தும். கரப்பான்பூச்சியைக் கண்டால் கட்டில்மேல் ஏறும்.

ஜெபக்குமாரைப் பாருங்கள். கணக்கு வாத்தியாராக இருந்தவர். ஈஸ்டருக்குக் கூடுதல் லீவு கேட்டார், தலைமையாசிரியர் தரவில்லை. எதிரே நின்று 'ஏன்?' என்று கேட்க நாக்கு எழவில்லை. வீட்டுக்கு வந்து, அந்த வழுக்கை, அந்த மூக்குப்பொடி, அந்த இருமல் எல்லாவற்றோடும் ஓர் ஆளைப் படைத்து, கூக்கால் ஏரியிலிருந்து எழுந்த பிசாசுக்கு ஊட்டிவிட்டார். புத்தகம் பிய்த்துக்கொண்டு போனது. வேலையை விட்டார். அப்புறமென்ன? அவர் பாட்டைக் குறைசொன்ன சர்ச் பாடகர், அவர் வாசலில் ஜீப்பை நிறுத்திய பக்கத்து வீட்டு ஞானவேல் என்று அடுத்தடுத்த நாவல்களில் வரிசையாக ரத்தம் கக்கினார்கள். நேரில் பார்த்தால் மட்டும், "நல்லா இருக்கீங்களாண்ணே?" என்று குழைவார்.

எல்லா நாவலுக்கும் பிழை திருத்தியவர் மனைவி அமலி. பன்னிரண்டாவது நாவலில் அவர் பேனா நின்றது. பூம்பாறைச் சூனியக்காரி ஒருத்தி, ஒரு குடும்பப் பெண்ணை உயிரோடு விழுங்குகிறாள்.

"ஏங்க, இது யாரு?"

"கற்பனைப் பாத்திரம்மா."

"கற்பனைக்கும் என்னைய மாதிரியே எடது கன்னத்துல மச்சம் இருக்குமோ? நான் என்னங்க பண்ணுனேன்?"

ஜெபக்குமார் ஜன்னலைப் பார்த்தார். பனியைப் பார்த்தார். கடைசியில் முனகினார்: "வெளியீட்டு விழாவுல... நான் பேய் அத்தியாயம் வாசிக்கையில நீ சிரிச்ச."

"அது போன வருசம்! சிரிக்காதன்னு அன்னைக்கே சொல்லியிருந்தா முடிஞ்சது சோலி. வருசம் பூரா என் கையால சோறு தின்னுக்கிட்டே என்னையக் கொன்னுருக்கீங்களே!"

மறுநாள் வெள்ளனே பஸ் ஏறி, ஆடலூரில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டார்.

ஜெபக்குமார் உண்மையிலேயே துடித்துப்போனார். போனை எடுப்பார், வைப்பார். எழுந்து போய்க் கூப்பிட்டாரா? உட்கார்ந்து எழுதினார்! நாயகி சூனியக்காரியின் வயிற்றைக் கிழித்துக்கொண்டு வெளியே வர, புருசன் அவள் காலில் விழுந்து கதறுகிற பதின்மூன்றாவது நாவல். வாசகர்கள் கண்ணீர் விட்டார்கள். ஆடலூருக்கு ஒரு பிரதி தபாலில் போனது.

அமலியே போன் செய்தார்.

"படிச்சேங்க. அந்தப் பொம்பளைக்கு வாய்ச்ச புருசன் நல்லவன். அவன் வந்து கூப்புட்டா வர்றேன்."

ஜெபக்குமார் இப்போது பதினான்காவதில் மும்முரமாக இருக்கிறார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். உங்களுக்குத்தான் பேய்க்கதை எழுத வராதே. ஆனால் மேலதிகாரியிடம் தலையாட்டிவிட்டு வந்து, குளியலறையில் சோப்பு நுரையோடு அவரை வெட்டிச் சாய்த்தீர்களே? வீட்டிலிருப்பவரிடம் சொல்ல வேண்டியதை, ஊரே பார்க்க வாட்ஸாப் ஸ்டேட்டஸில் வைத்தீர்களே? அது உங்களுடைய எத்தனையாவது நாவல்?